சைகோன் தெருவில் ஒரு ரொட்டிக் கடை

நம்மவர் வீடுகளில் ரொட்டி என்பது நெடுங்காலம் காய்ச்சல்காரர் உணவாகவே இருந்து வந்தது. 'பாலும் ரொட்டியும் கொடுங்கள்' என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் கடைக்கு ஆள் ஓடும். பாலில் தோய்ந்து குழைந்த அந்தத் துண்டை நினைத்தாலே நாவில் மருந்தின் கசப்பு ஊறும். 1965இல் மத்திய அரசே ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பல நகரங்களில் ரொட்டி செய்து விற்றது. 2000ஆம் ஆண்டில் அது தனியார் கைக்கு மாறியது. இத்தனை நடந்தும், தமிழர் வீட்டு ரொட்டி நோயாளியின் கட்டிலருகிலிருந்து முழுவதும் எழுந்து வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தில்லியில் வாழும் நேயர்கள் மயங்க வேண்டா. நான் குறிப்பிடுவது கல்லில் வாட்டி எடுக்கும் வடநாட்டு ரொட்டியை அன்று. பேக்கரி அடுப்பில் புளித்த மாவு உப்பி வெந்து வரும் ரொட்டியை.

இந்த ரொட்டியைக் கூலியாளும் மாணவனும் எழுத்தரும் நாள்தோறும் தெருவில் நின்று உண்ணும் ஊர் ஒன்று உண்டு. அது வியட்நாமின் தென்பகுதியிலுள்ள சைகோன். 1976இலிருந்து அதன் பெயர் ஹோ சி மின் நகரம். ஊர்மக்கள் பேச்சிலோ இன்னும் சைகோன்தான். விடுப்பெடுத்து அங்கே பத்து நாள் தங்கியிருந்தேன். அது சோறுண்ணும் நாடு. மேகாங் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் அந்தச் சமவெளியில் நிற்பவருக்குத் தஞ்சை நினைவுக்கு வராமல் போகாது. கோதுமை அங்கே விளைவதில்லை என்றே சொல்லிவிடலாம். கப்பலில்தான் வந்து சேர வேண்டும். அப்படியிருந்தும் காலை 6 மணிக்குத் தெருமுனைதோறும் ஒரு கண்ணாடிப் பெட்டி வண்டி நிற்கிறது. அதன்மேல் சிவந்த எழுத்தில் இரண்டே சொற்கள்: பான் மீ.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலானவன் சொல்லைத் தாண்டிச் சோற்றுக்குப் போவதில்லை. ரொட்டிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல்லே திரிந்து 'பான்' ஆயிற்று என்று கூறுவோர் உண்டு. ஓசை ஒத்திருப்பது உண்மையே. ஆனால் கருத்து பொருந்தாது. பிரெஞ்சுக்காரர் கப்பல் வருமுன்னரே, அரிசியாலும் மாவாலும் செய்த பணியாரம், கொழுக்கட்டை போன்ற பண்டங்களுக்கெல்லாம் அம்மக்கள் 'பான்' என்ற சொல்லை வழங்கினர். 'மீ' என்றால் கோதுமை. ஆகவே பான் மீ என்பது கோதுமைப் பணியாரம். முதலில் இதனை மேனாட்டுப் பணியாரம் என்ற பொருளில்தான் அழைத்தனர். அந்த அடைமொழி காலப்போக்கில் கழன்றுபோயிற்று. அயலாரின் பண்டம் என்ற எண்ணம் பெயரிலிருந்தே நீங்கிவிட்டது என்றால், அது அவ்வூர்ப் பொருளாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படி ஆவதற்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றியது. படையோடு ரொட்டியும் வந்தது. வெண்ணெய், பன்றித் தொடைக்கறி, பாலாடைக் கட்டி ஆகியவற்றோடு தட்டில் வைத்து, கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் உணவாக அது நெடுங்காலம் இருந்தது. துரைமாரும், அவரை ஒட்டி வாழ்ந்த செல்வரும் உண்டனர். ஏழைக்கு அதன் விலை எட்டவில்லை.

1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கிலிருந்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களுள் ஒரு தம்பதியர் 1958இல் சைகோனில் 'ஹோவா மா' என்ற பெயரில் ஒரு சிறு கடை வைத்தனர். முதலில் பழைய முறைப்படி தட்டில்தான் பரிமாறினர். வேலைக்கும் பள்ளிக்கும் விரைபவர்களுக்கு உட்கார்ந்து உண்ணப் பொழுதில்லை. ஆகவே ரொட்டியைச் சிறிதாக்கி, வயிற்றைக் கீறி, தட்டில் வைப்பதையெல்லாம் அதனுள்ளேயே வைத்துக் கையில் கொடுத்துவிட்டனர் என்று சொல்வர். இவ்வாறு விற்ற முதற்கடைகளுள் ஒன்றாகக் கருதப்படும் அது, காவ் தாங் தெருவில் 60 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. தட்டு போயிற்று, முள் போயிற்று, மேசை போயிற்று. அவற்றோடு விலையும் இறங்கிற்று. விலையுயர்ந்த வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விலகி, முள்ளங்கியும் காரட்டும் வெள்ளரியும் கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் உள்ளே புகுந்தன. ஊரைவிட்டு வந்தவர்கள், ஊரைவிட்டு வந்த மற்றவர்களுக்காகச் செய்த உணவு இது. வெளிமாநிலங்களில் 'மெஸ்' வைத்து நடத்திய நம்மவரையும், அங்கே மாதக் கணக்கில் சாப்பிட்ட நம்மையும் எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பம்பாயில் வாழ்ந்த நேயர்களுக்கோ விளக்கமே வேண்டா; போர்த்துகீசியர் விட்டுச் சென்ற 'பாவ்' ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்து ஆலைத் தொழிலாளிக்குக் கொடுத்த ஊரல்லவா அது!

இனிக் கடைக்கு வருவோம். நான் வழக்கமாகச் சென்ற வண்டி, பென் தான் சந்தையிலிருந்து சிறிது தொலைவில், ஒரு சந்தின் வாயிலில் நின்றது. கடை என்பது வண்டியும், அதன்மேல் ஒரு பெரிய குடையும், முழங்கால் உயரமுள்ள ஆறேழு பிளாஸ்டிக் முக்காலிகளும்தான். விற்பவர் ஓர் அம்மையார். வயது ஐம்பது இருக்கலாம். ரொட்டி நம் முழங்கையில் பாதி நீளம். மேலோடு மெல்லியது, தொட்டால் நொறுங்கும். உள்ளே பஞ்சு குறைவு, காற்று மிகுதி. இந்தக் காற்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரான்சு நாட்டு ரொட்டியைப்போல் உள்ளே கனமாக இருந்தால் இத்தனை பொருள்களுக்கு அதில் இடமேது? அம்மையார் ரொட்டியைக் கரியடுப்பின்மேல் ஒரு கணம் காட்டுவார். கத்தியால் ஒருபுறம் கீறுவார். ஈரல் விழுதைத் தடவுவார். பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்குவார். காடியில் ஊறிய முள்ளங்கி, காரட்டுக் கீற்றுகளை வைத்து, வெள்ளரியை நெட்டுவாக்கில் செருகி, மல்லித்தழையும் மிளகாயும் தூவி, நான்கு சொட்டுச் சோயாச் சாறு விட்டுக் காகிதத்தில் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டிக் கையில் கொடுப்பார். ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது. விலை 20,000 டோங். எண்ணைக் கேட்டு நேயர்கள் அஞ்ச வேண்டா. நம் பணத்தில் 70 ரூபாய்க்குள் அடங்கும்.

ஈரல் என்றும் பன்றி என்றும் கேட்டவுடன் நம்மில் பலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் மரக்கறி உண்பவனே. அதற்கும் அங்கே வழியிருக்கிறது. 'சாய்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். தில்லிவாசிகள் தேநீர் கேட்கும் அதே ஓசைதான்; அங்கே அதற்குப் புலால் நீக்கிய உணவு என்று பொருள். சாந்திரமாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர் பலர் புலால் உண்பதில்லை. அதாவது நம் அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாள்கள். அந்நாள்களில் சோயாக் கட்டியும் காளானும் வைத்த பான் மீயைப் பல கடைகளில் காணலாம். மற்ற நாள்களில் எனக்கு அம்மையார் ஊறிய காய்களையும் வெள்ளரியையும் இருமடங்காக வைத்துத் தந்தார். என்மேல் அவருக்குச் சற்று இரக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். மேலோட்டின் நொறுக்கு, காடியின் புளிப்பு, மிளகாயின் உறைப்பு, மல்லியின் மணம் ஆகிய நான்கும் ஒரே கடியில் சேர்ந்தபோது, காய்ச்சல்காரர் ரொட்டி என் நினைவிலிருந்து போன இடம் தெரியவில்லை. வாங்கிய கால்மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். தாமதித்தால் ஈரம் ஏறி ஓடு தோலாகிவிடும்.

அவரை எப்படி அழைப்பது என்பது முதல்நாள் எனக்கு ஒரு சிக்கலாயிற்று. அருகிலிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் விளக்கினாள். அம்மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று வாளா சொல்வது மரியாதையன்று; அக்கா, தம்பி, அத்தை, பாட்டி என்று உறவு சொல்லியே பேச வேண்டுமாம். மூத்த பெண்ணுக்கு 'சி' என்றாள், அதாவது அக்கா. இதைக் கற்றுக்கொள்ளத் தமிழனுக்கு ஆசிரியர் தேவையா? மறுநாள் முதல் நான் அக்கா என்றே அவர் மொழியில் அழைத்தேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

தமிழர் அந்நகருக்குப் புதியவர் அல்லர். நெல் வாணிகம் செழித்த நாளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே கடை வைத்துக் கடன் கொடுத்தனர். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பலர் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றனர். செட்டியார்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. டோங் டூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசலும் இருக்கிறது. சந்தைக்கு அண்மையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் பெருந்திரளாக வருபவர்கள் வியட்நாமியரே; ஊதுவத்தியை இரு கைகளாலும் ஏந்திச் சுவரில் நெற்றியைப் பதித்து வேண்டிக்கொள்கின்றனர். எங்கள் கடைக்கார அக்காவும் அக்கோயிலை அறிவார். 'இந்திய அம்மன்' என்ற பொருள்படும் பெயரால் அதைக் குறிப்பிட்டு, நான் அந்த அம்மனின் ஊர்க்காரனா என்று மாணவி வாயிலாகக் கேட்டார். ஆம் என்றேன்.

அவ்வூரில் கோழிக் குழம்பு ஒன்று உண்டு. தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்துச் செய்வர்; ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்து உண்பர். அதன் பெயர் 'கா ரி'. நம் கறிதான். எத்தனை மொழிகளைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் வேர் நம்முடையது. பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த ரொட்டியும் தமிழரோடு வந்த கறியும் ஒரே கிண்ணத்தில் சந்தித்திருக்கின்றன. இருவரும் கப்பலேறிப் போன பின்னும் கிண்ணம் அங்கேயே இருக்கிறது.

இத்தனை மலிவாக எப்படி விற்க முடிகிறது என்று கேட்கலாம். வாடகை இல்லை என்பதே பெரும் காரணம். நடைபாதைதான் கடை. இங்கேதான் வழக்கும் தொடங்குகிறது. 2017இல் அந்நகரின் நடுப்பகுதியில் நடைபாதைகளைக் காலிசெய்யும் இயக்கம் ஒன்று மும்முரமாக நடந்தது. வண்டிகளும் முக்காலிகளும் பறிமுதலாயின. எல்லைமீறிக் கட்டிய படிகளும் இடிபட்டன. நடப்பவருக்கு நடைபாதை வேண்டும் என்ற வாதத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் இறங்கி நடந்தவர் எவரும் சொல்லமாட்டார். சுகாதாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அண்டை மாகாணமான டோங் நாயில் ஒரே கடையின் பான் மீயை உண்டு 500க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஈரல் விழுதும் முட்டைக் குழைவும் வெயிலில் கிடந்தால் விபரீதந்தான். ஆனால் இவற்றுக்கு மருந்து சோதனையும் உரிமமும் தண்ணீர்க் குழாயுமே. வண்டியை அகற்றி அங்காடி மாளிகைக்குள் ஒரு கடையைக் கொடுத்தால், வாடகை ரொட்டியின் விலையில் ஏறிவிடும். காலை 6 மணிக்கு வேலைக்குப் போகும் கொத்தனார் அங்கே நுழையமாட்டார். நம் நாட்டில் தெரு வணிகர்களின் பிழைப்பைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. கரோல்பாக்கிலோ தாதரிலோ மாலையில் ஒரு சுற்று நடந்து வருபவர், அச்சட்டம் ஏட்டிலிருந்து எவ்வளவு தூரம் தெருவுக்கு இறங்கியிருக்கிறது என்பதைத் தாமே கண்டு கொள்ளலாம்.

அக்காவிடம் இதுபற்றி மாணவி மூலம் கேட்டேன். அவர் மேகாங் சமவெளிக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். இந்த வண்டியை வைத்தே இரு பிள்ளைகளைப் படிக்கவைத்தாராம். அதிகாரிகள் வருவதாகத் தெரிந்தால் வண்டியைச் சந்துக்குள் தள்ளிவிடுவாராம். அவர்கள் போனதும் மீண்டும் வெளியே வருவாராம். சந்தில் குடியிருப்பவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். 'அவர்களுக்கும் காலையில் பசிக்குமே' என்று சிரித்தார்.

நான் ஊர் திரும்பவிருந்த நாள் காலையில் சந்தின் வாயில் வெறுமையாக இருந்தது. உள்ளே இருபது அடி நடந்தேன். துணி உலர்த்தும் கொடிகளுக்குக் கீழே வண்டி நின்றது. எனக்கு முன்னே ஒன்பது பேர் வரிசையில் இருந்தனர்.