இடறுவது மனிதனா, பொறியா?

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்னும் நான்குக்கும் அப்பால் உத்தியோகமென ஒன்று உண்டென்பதை நம்மவர் இலகுவில் ஒப்புவதில்லை. கலைப்பிரிவு மாணவனைக் கண்டால், "தம்பி, படித்து முடிந்ததும் என்ன செய்வதாய் உத்தேசம்?" என்று வினவும் குரலிலேயே அனுதாபம் கலந்திருக்கும். யானும் அவ்வனுதாபத்துக்கு ஆளானவன். ஆதலால், பாவனையாளர் அனுபவ ஆராய்ச்சி என்னும் தொழிலைப்பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். பெயர் நீளமேயாயினும் பொருள் எளிது. ஒரு பொருளைச் செய்வோருக்கும் அதனைக் கையாள்வோருக்கும் நடுவே நின்று, கையாள்வோர் எங்கே இடறுகின்றனர், ஏன் இடறுகின்றனர் என்பதை நேரிற் கண்டு, செய்வோருக்கு எடுத்துரைப்பதே அத்தொழில்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பழுதின்றித் தரையிறங்கிய பின்னர், ஓடுபாதையிலேயே வயிறு நிலத்திற்பட வீழ்ந்தன. விமானி சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டான். 'விமானியின் கவனக்குறைவு' என்றெழுதிக் கோவையை மூடுவது எவருக்கும் இலகு. அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளரோ, விமானி அமரும் இடத்தை ஆராய்ந்தார். சக்கரத்தை இயக்கும் விசையும் இறக்கை மடலை இயக்கும் விசையும் ஒரே வடிவினவாய் அருகருகே இருந்தன. களைத்துப்போன கை எதனைப் பற்றும் என்று யார் சொல்வது? ஒன்றன் நுனியிற் சக்கர வடிவத்தையும் மற்றையதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துவதே அவர் கண்ட பரிகாரம். இன்றைய விமானங்களிலும் அந்தப் பிடி சக்கர வடிவிலேயே இருக்கின்றது.

இப்போது உங்கள் கைத்தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். அழைப்பெடுக்கும் திரையில் 1, 2, 3 மேல்வரிசையில் நிற்கும். கணிப்பானைத் திறந்தால் 7, 8, 9 மேலே நிற்கும். முன்னையது தற்செயலாய் அமைந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் எண் பொத்தான்களைப் பலவாறு அடுக்கி, சாதாரண மனிதரை அழுத்தச் செய்து, வேகத்தையும் பிழையையும் கணக்கெடுத்தபின் அமைந்த ஒழுங்கு அது. பொத்தான் தொலைபேசி 1963 இல் மக்கள் கைக்கு வந்தது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஜோன் கார்லின் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர், மெய்யியல், இசை, உளவியல் ஆகியன கற்றவர், வயலின் வாசிப்பவருங்கூட. கலைப்பிரிவுச் சகோதரர்கள் இதனைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

லூசி சச்மன் என்னும் மானிடவியலாளர் 1980 களிற் செரொக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுநிலையத்திற் பணியாற்றினார். பிரதியெடுக்கும் பொறியொன்றோடு மக்கள் மல்லுக்கட்டுவதைப் படம்பிடித்தார். அப்படத்தில் விழிபிதுங்கி நின்ற இருவர் கணினி விஞ்ஞானத்திற் பேர்பெற்றவர்கள்! ஆகவே, விளங்காமை படிப்பின்மையால் வருவதன்று.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கிக் காசுப் பொறியின் முன்னும் கைத்தொலைபேசியின் முன்னும் நம் பெரியோர் படும் வெட்கத்தை யாம் அறிவோம். "என்ரை மண்டைக்கு உது ஏறாது தம்பி, நீயே செய்" என்று இரகசிய இலக்கத்தையும் சேர்த்துக் கையளித்துவிடுவர். நாமும் கருவியைப் பறித்து, நொடியில் முடித்து, கெட்டித்தனம் காட்டுவோம். தன் காசைத் தானே ஆளும் உரிமை ஒருவர் கையிலிருந்து இவ்வாறே நழுவுகின்றது. திரையை வகுத்தவன் பக்கம் ஒருவரும் விரல் நீட்டுவதில்லை.

இத்தொழிலுக்கு வேண்டிய முதல் திறமை, வாய்மூடி இருத்தல். பாடசாலையில் நாவன்மைக்குப் பரிசளித்தார்கள். செவிவன்மைக்கு ஒரு கிண்ணமும் இல்லை. கேட்கும் கேள்வியும் சீராயிருத்தல் வேண்டும். "இது உங்களுக்கு இலகுவாய் இருந்ததல்லவா?" என்றால், உப்பில்லாத கறியையும் புகழ்ந்துண்ணும் நம்மவர் "ஓம், நல்லாயிருக்கு" என்பார், அவ்விடையால் ஒரு பயனுமில்லை. "கடைசியாய்க் காசு அனுப்பியபோது நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கோ" என்று கேட்டால் உண்மை வெளிவரும். வேலையைச் செய்யும்போதே மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் செய்வது மற்றொரு முறை. ஐவரை அவதானித்தாலே பெரும்பாலான இடர்கள் தென்படுமென ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதினார்; அதனை மறுப்போரும் உளர். ஆனால், நூற்றுக்கு எத்தனை பேர் இடறுகின்றனர் என்று சொல்ல ஐவர் போதார். அதற்குப் புள்ளிவிபரவியல் வேண்டும். கண்டதைச் சுருக்கமாய், கோபம் வராதபடி எழுதும் ஆற்றலும் வேண்டும். ஏனெனில், தான் செய்த பொருளின் குறையைக் கேட்க எவரும் விரும்பார். இந்நாட்டிலே தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கேட்டு விளங்குபவருக்கு இவ்வேலையில் ஒரு படி உயரம் உண்டு.

இத்தொழிலின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் முறையன்று. மக்கள் இடறுமிடத்தை அறிந்தவன், வேண்டுமென்றே இடறவைக்கவும் அறிவான். அமேசன் நிறுவனம் வாடிக்கையாளரை அறியாமலே சந்தாவிற் சேர்த்ததென்றும், விலகும் வழியைச் சிக்கலாக்கியதென்றும் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2023 இல் வழக்கிட்டது. 2025 இல் 250 கோடி டொலருக்கு வழக்குத் தீர்ந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. உத்தியோகமும் நிரந்தரமானதன்று. 2022, 2023 ஆகிய ஆண்டுகளிற் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது இவ்வாராய்ச்சியாளர் பலரும் வேலை இழந்தனர். அரசாங்க உத்தியோகம்போல் ஓய்வூதியத்தை எதிர்பார்த்து எவரும் இதற்குள் வரவேண்டாம்.

பட்டம் பெறும்வரை காத்திராது இன்றே பழகலாம். இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் தொலைபேசியில் ஒரு கட்டணம் செலுத்தும்போது அருகில் அமருங்கள். உதவி செய்ய வேண்டாம். கை துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரகசிய இலக்கம் அழுத்தும்போது முகத்தைத் திருப்புங்கள். விரல் எங்கே தயங்கியது, எச்சொல்லை இருமுறை வாசித்தார், எவ்விடத்திற் பெருமூச்சு விட்டார் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறியுங்கள். இவ்வாறு ஐந்து பேரைப் பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியோடு வந்தால், ஒன்றாயிருந்து ஒப்பிட்டு, அவ்வங்கிக்கு ஒரு கடிதம் வரையலாம்.