சரணாகதியில் சேராத ஜாதி
(திருத்தங்கலில் செய்த சொற்பொழிவு)

தன்னை மறுத்து ஆண்டவரிடம் சரணடைபவனே சீடன் என்று கத்தோலிக்கப் பாதிரிமார் போதிக்கிறார்கள். அந்தத் 'தன்னில்' ஜாதி சேர்ந்ததா, இல்லையா?

வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டைபோல் இரண்டு கிளை. வேளாளர் முதலானோருக்கு ஒன்று, நாடார் முதலானோருக்கு மற்றொன்று, நடுவே சுவர். பீடம் மாத்திரம் ஒன்று! 1910-இல் கௌசானல் பாதிரியார் சுவரை இடித்தார். உடனே வேளாளக் கிறிஸ்தவர்கள் ஆண்டவரிடமா சரணடைந்தார்கள்? வக்கீலிடம் சரணடைந்தார்கள்! ஹைக்கோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள்.

பழங்கதை என்பீர்கள். 2008-இல் எறையூரில் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதில் கலகமாகித் துப்பாக்கிப் பிரயோகமே நடந்தது.

1899 சிவகாசிக் கோயில் நுழைவுக் கலவரத்தை மறவாத நாடார் தோழர்களே! உங்கள் தெருக்கோயிலில் அருந்ததியர் எதுவரை வரலாம்?