பாடுவது மரமா, கம்பியா?



1940ஐ ஒட்டிய காலம். நியூயார்க்கில் எபிஃபோன் என்று ஒரு கிட்டார் தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வேலை கிடையாது. அந்த ஓய்வு நாட்களில் உள்ளே போய் இயந்திரங்களைப் பயன்படுத்திக்கொள்ள லெஸ் பால் என்ற இளம் கிட்டார் கலைஞருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அவர் செய்தது ஒரு விசித்திரமான பண்டம். நாலங்குலத்துக்கு நாலங்குலம் கனத்தில் ஒரு பைன் மரச் சட்டம். அதில் ஒரு கிட்டாரின் கழுத்து, தந்திகள், தானே செய்த பிக்கப்புகள். அவ்வளவுதான். 'தி லாக்' என்று பெயர் வைத்தார். மரக்கட்டை!

அதைக் கொண்டுபோய் வாசித்தபோது கேட்டவர்கள் பெரிதாக ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. லெஸ் பால் திரும்பி வந்து, ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடலை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, கட்டையின் இருபுறமும் இறக்கை போல ஒட்டவைத்தார். சத்தம் அந்தக் கட்டையினுடையதுதான். ஆனால் இப்போது கைதட்டல் விழுந்தது. ஜனங்கள் கண்ணால்தான் கேட்கிறார்கள் என்று இந்தக் கதையை அவர் கடைசிக் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்.

எலெக்ட்ரிக் கிட்டாரைத் தாமே செய்து பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் தீரவே தீராது. எது காதுக்குக் கேட்கிறது, எது கண்ணுக்குக் கேட்கிறது? மரம், பிக்கப், மேல்பூச்சு என்று மூன்றைப் பற்றியும் ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். அந்த வேதங்களைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

வீணையோ சாதாரண கிட்டாரோ, தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரத்துக்கு இறங்கி, மரம் காற்றை அசைத்து, அது நம் காதுக்கு வருகிறது. அங்கே மரம் இல்லாமல் பாட்டு இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் வழியே வேறு. தந்திக்குக் கீழே காந்தம்; காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். அதுதான் பிக்கப். எஃகுத் தந்தியைக் காந்தம் தன் வசப்படுத்தி வைத்திருக்கிறது. தந்தி அசைந்தால் சுருளுக்குள் காந்தப் புலம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் காட்டிய விதிதான். ஆக, பிக்கப்புக்குக் காற்று கேட்காது. நைலான் தந்தியைக் கட்டினால் ஊமையாகிவிடும். 1932இல் விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்றான ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பேன்' முழுக்க அலுமினிய வார்ப்பு. மடியில் வைத்து வாசிக்கிற ஹவாய் வகை. மேடை விளக்குச் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி நகர்ந்தது என்பதுதான் அதன் மேல் இருந்த குறை. பாடவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

நம் கச்சேரி மேடைக்கு இந்த நுட்பம் பெருமையோடு வந்தது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கையில். சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாகத் தந்திகள். தட்டினால் உடனே நாதம் அடங்கிவிடும். கமகம் பிடிக்க நேரம் போதாது. ஸ்ரீநிவாஸ் எடுத்துக்கொண்டது எலெக்ட்ரிக் மாண்டலின், அதிலும் ஐந்து ஒற்றைத் தந்திகள். இழுத்து வளைக்க இடமும் கிடைத்தது, அதுவரை நாதமும் நின்றது.

பிக்கப் கட்டுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நம் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரருக்கு வேலையின் தத்துவம் நன்றாகவே தெரியும்; ஆனால் கம்பியைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படுவார். 42ஆம் கேஜ் எனாமல் கம்பி. குறுக்களவு 0.063 மில்லிமீட்டர், நம் தலைமுடி அளவு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரின் பிக்கப்புக்கு அதை 8000 சுற்று வரை சுற்ற வேண்டும். ஒரு சின்னப் பிக்கப்புக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செம்பு! வீட்டில் செய்கிறவர்கள் பழைய தையல் மிஷின் மோட்டாரில் மாட்டிச் சுற்றுகிறார்கள். கம்பியை இரு விரலுக்கு நடுவே, துணி வைத்துப் பிடித்து வழிநடத்த வேண்டும். இறுக்கினால் ஏழாயிரமாவது சுற்றில் அறுந்துபோகும். தளர்த்தினால் சுருள் உள்ளுக்குள் அதிரும். ஆம்ப்ளிஃபையரைக் கொஞ்சம் ஏற்றியதும் வீலென்று கத்தும்.

அந்தக் கத்தலை அடக்கத்தான் மெழுகு. பாரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். சூடு 65 டிகிரியைத் தாண்டிப் போனால் பிளாஸ்டிக் சட்டம் கோணிவிடும். பிக்கப்பை உள்ளே இறக்கியதும் சுற்றுகளுக்கு நடுவே இருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசை கட்டி வரும். குமிழி நின்றால் மெழுகு உள்ளே போய்விட்டது என்று பொருள். எடுத்துத் துடைத்து ஆறவிட வேண்டியதுதான்.

கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் கிட்டார் தொழிற்சாலையில் 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகயில் இபாரா என்ற பெண்மணி இப்படிக் கையால் வழிநடத்திப் பிக்கப் சுற்றியே பெயர் பெற்றார். அவர் கையெழுத்துள்ள பிக்கப்புக்கு இன்று தனி மதிப்பு. கிட்டார் உலகில் மேடையேறியவர்கள் பெயர்தான் நமக்குத் தெரியும். அவர்களுடைய குரலைச் சுற்றிக் கொடுத்த கைகளில் பெயரோடு தெரிந்தவை சிலதான்.

இந்தச் சுருளுக்கு ஒரு சாபம் உண்டு. தந்தியின் அசைவை வாங்குவது போலவே, சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. டியூப் லைட் பக்கத்தில் நின்றாலே 'ம்ம்ம்' என்று முனகும். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரண்டு சுருள்கள், ஒன்றின் காந்த முனை மற்றதற்கு எதிர், இணைப்பும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக நின்று கழிந்துபோகிறது. தந்தியின் ஓசை மட்டும் கூடிக்கொள்கிறது. ஹம்பக்கர் பிறந்தது இப்படித்தான்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று அதன் அடியில் ஒட்டிய சீட்டின் ஆங்கில முதலெழுத்துகளால், பி.ஏ.எஃப். என்றே அந்தக் காலத்துப் பிக்கப்புகளை இன்று அழைக்கிறார்கள். விலை கேட்டால் தலை சுற்றும். காப்புரிமை 1959இல் கிடைத்தது. பிறகு எண் போட்டு ஒட்டிய சீட்டில் இருந்தது இந்தப் பிக்கப்பின் எண்ணே அல்ல. கிப்சனின் 'லெஸ் பால்' மாதிரிக் கிட்டாரின் தந்தி தாங்கிக்கு வாங்கிய வேறொரு காப்புரிமையின் எண்! பி.ஏ.எஃப். ஒன்றுபோல ஒன்று இருக்காது, அதுதான் அதன் மந்திரம் என்பார்கள். காரணம் மந்திரம் இல்லை. சுற்றும் இயந்திரங்கள் குறித்த எண்ணிக்கையில் தானாக நிற்காது. ஏறத்தாழ நிறைந்ததும் நிறுத்துவார்கள். காந்தத்திலும் அல்னிகோ 2, 3, 4, 5 என்று கையிருப்பில் எது இருந்ததோ அது. அன்றைய கவனக்குறைவை இன்று எண்ணி எண்ணி நகல் எடுக்கிறார்கள்.

பிக்கப்பைவிடவும் அது உட்காரும் இடம் முக்கியம். ஊஞ்சல் சங்கிலி கொக்கியின் அருகே கொஞ்சமாகவும் பலகையின் அருகே அதிகமாகவும் ஆடுவது போல, தந்தியும் குதிரைக்குப் பக்கத்தில் கொஞ்சம்தான் அசையும். அங்கே மேல் அதிர்வுகளின் பங்கு அதிகம். ஓசை கூர்மையாக வரும். கழுத்துப் பக்கம் நகர்ந்தால் உருண்டு திரண்டு வரும். ஒரே பிக்கப்பை இரண்டு இடத்தில் வைத்துக் கேட்டால் இரண்டு கிட்டார் என்றே சொல்வோம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புக்கு மூன்று நிலை சுவிட்ச் இருந்தது. வாசிக்கிறவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நெருடி நிறுத்தி, இரண்டு பிக்கப் சேர்ந்த ஒரு புது ஓசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபெண்டர் நிறுவனம் ஐந்து நிலை சுவிட்ச் கொடுத்தது 1977இல்! பொறியாளர் வகுத்ததைவிட வாசிக்கிறவர் நெருடியது மேல் என்று ஒப்புக்கொள்ள இருபத்து மூன்று வருடம்.

இனி மரத்துக்கு வருவோம். இங்கேதான் சண்டை அதிகம். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: உடல் மரம் எடைக்கும் தோளுக்கும், கழுத்து மரம் கைக்கும் நாதத்துக்கும். கழுத்து நீளமாக, மெல்லியதாக இருப்பதால் அதுவும் தந்தியோடு சேர்ந்து அதிரும். தந்தியின் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் கழுத்தின் சொந்த அதிர்வோடு பொருந்திவிட்டால், அந்த ஸ்வரத்தின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிவிடும். அந்த இடத்தில் மட்டும் ஓசை சட்டென்று செத்துப்போகும். தலைப்பகுதியில் ஒரு சின்ன இரும்புக் கிளாம்பை மாட்டிப் பாருங்கள், செத்த இடம் வேறு ஸ்வரத்துக்கு நகரும். உடலுக்கு ஆஷ் மரமா, ஆல்டர் மரமா என்ற வாதத்தில் எனக்கு அவ்வளவு பக்தி இல்லை. ஃபெண்டர் நிறுவனர் லியோ ஃபெண்டர் கையில் கிடைத்த, தடையில்லாமல் கிடைத்த மரத்தில் செய்தார், அவ்வளவுதான். மரகத நிற வண்டு ஒன்று அமெரிக்க ஆஷ் மரங்களை அரித்துத் தின்றதில், 2020இல் அந்த நிறுவனமே ஆஷைச் சில மாதிரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது.

விரல்பலகை மரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் அருகியபோது உலகக் கிட்டார்களுக்குப் போனது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். கூடலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்த மரம். தமிழ்நாட்டில் 1990களிலேயே பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அரசு அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. 2017 ஜனவரியில் உலக நாடுகளின் ஒப்பந்தம் இந்த மரப் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, கிட்டாரை எல்லை தாண்டி விற்கவே காகிதம் தேவைப்பட்டது. 2019 இறுதியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. இடையில் எத்தனையோ கிட்டார்கள் வேறு மரத்தோடு வந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு யாராவது கண்டுபிடித்தார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

மரத்தை வேதமாக்காதவர் செய்த கிட்டாருக்கு நல்ல உதாரணம் லண்டனில் உண்டு. 1963 ஆகஸ்டில் பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையன், மின்னணுவியல் தெரிந்த தன் தந்தை ஹரால்டோடு சேர்ந்து ஒரு கிட்டார் செய்ய ஆரம்பித்தான். கடையில் வாங்கப் பணமில்லை. கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்டம், மஹாகனி. அதில் மரப்புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய ஓக் மேசை. தந்தியைத் தளர்த்தி இறுக்கும் நெம்புகோலுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். நெம்புகோலின் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசி முனை. விரல்பலகையில் புள்ளி வைக்க அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இரண்டு வருட வேலை. செலவு எட்டு பவுண்டு என்று கணக்குச் சொல்வார்.

அவர் முதலில் பிக்கப்பையும் தானே சுற்றினார். ஓசை பிடித்திருந்தது, ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தால் ஒரு காந்த முனையின் மேலிருந்து எதிர் முனையின் மேலே அது நகர்ந்து விகாரமாக இரைந்தது. அதனால் பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கி, அராள்டைட் பசை ஊற்றி இறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சுவிட்ச், மின் திசையை மாற்ற இன்னொரு சுவிட்ச். அந்த 'ரெட் ஸ்பெஷல்' குவீன் இசைக்குழுவின் குரலானது. 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று அவர் வாசித்ததும் அதைத்தான். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது கணப்படுப்பு மரம் என்று நான் நம்பவில்லை. அந்த ஆறு சுவிட்சுகளை நம்புகிறேன்.

மேல்பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 1950களின் கிட்டார்களில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதே காலத்துக் கார்களின் பெயின்ட். ஃபெண்டரின் புகழ்பெற்ற நிறங்கள் சில ஃபோர்டு, கடிலாக் கார்களில் இருந்து வந்தவை. நம் ஊர்த் தச்சுப் பட்டறையில் என்.சி. லாக்கர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மழைநாளில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு வெளுத்துப்போகும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். அது மெல்லியது, மரத்தை மூச்சுவிட வைக்கிறது, அதனால் ஓசை திறக்கிறது என்பார்கள் கிட்டார் பிரியர்கள். காந்தத்துக்கும் தந்திக்கும் நடுவே பெயின்ட் எங்கே வந்தது என்று கேட்டால் பதில் வராது. 1995 முதல் ஃபெண்டர், புதுக் கிட்டாரைச் சுரண்டி, பழசாக்கி, கூடுதல் விலைக்கு விற்கிறது. வாங்கவும் வரிசை நிற்கிறது. ஆனால் கழுத்தின் பின்புறம் மட்டும் விதிவிலக்கு. வியர்வைக் கை அங்கே ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்துவிடுங்கள்; நம் வெயிலுக்கு அதுவே வரம்.

கிட்டார் வைத்திருக்கும் நேயர்கள் பிக்கப், மரம் என்று வாங்கக் கிளம்பும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பிக்கப்பின் இரு ஓரத்திலும் திருகு இருக்கும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்திக்கும் காந்தத்துக்கும் இடைவெளி பாருங்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் போதும். அதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். தடித்த தந்தியில் சுருதி அலைபாயும். கால் சுற்று இறக்குங்கள், வாசியுங்கள். இன்னொரு கால் சுற்று, மறுபடி வாசியுங்கள். தடித்த தந்திப் பக்கம் கொஞ்சம் தாழ்வாக, மெல்லிய தந்திப் பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். பழைய நிலைக்கே திரும்ப வேண்டுமானால் எண்ணிக்கை தேவைப்படும். எத்தனை கால் சுற்று என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.