எண்ணூர்க் காரும் இத்தாலியக் காரும்

எண்ணூர் என்றவுடன் லாரியும் பஸ்ஸும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்கே முதலில் உருவானது கார். ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி, 1949 முதல் ஆஸ்டின் ஏ40 கார்களை வெளியிட்டது. 1955-இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அக்காலத்திலேயே பம்பாயில் பிரீமியர் நிறுவனம் இத்தாலியின் பியட் 1100 காரை உருவாக்கத் தொடங்கியிருந்தது. இவ்விரண்டும் பழைய கார்களாகிவிட்ட பின்னர், என் இளமையில், இரண்டையும் ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

மாணவர்களே, முதலில் ஆற்றலை ஒப்பிடுவோம். ஆஸ்டினின் எஞ்சின் 1,200 கன சென்டிமீட்டர். சுமார் 40 குதிரைத் திறன் உடையது. பியட்டின் எஞ்சின் 1,089 கன சென்டிமீட்டர். தொடக்க காலத்தில் அதன் திறன் 36. ஆகவே ஆஸ்டினே விரைந்து செல்லும் என்று நினைப்பீர்கள். அப்படியன்று. ஆஸ்டினில் கனத்த இரும்புச் சட்டகத்தின்மேல் உடற்கூடு தனியே பொருத்தப்பட்டிருந்தது. பியட்டிலோ உடற்கூடே சட்டகத்தின் வேலையையும் செய்தது. எடை குறையவே, சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினுக்கு ஈடு கொடுத்தது. திறனை மட்டும் பாராமல், அதை எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

அடுத்து, கையாளும் தன்மை. இரண்டிலும் முன் சக்கரங்கள் சுருள்வில்லின் மேல் தனித்தனியே அசைவன, பின்புறம் பட்டைவில். ஆயினும் ஆஸ்டின் உயரமானது. வளைவில் வெளிப்புறம் சாயும். பியட் தாழ்வானது; திருப்பிய பக்கம் சட்டெனத் திரும்பும். ஆஸ்டினில் முன் பிரேக்குகள் திரவ அழுத்தத்தாலும், பின் பிரேக்குகள் கம்பிகளாலும் இயங்கின. பியட்டில் நான்கும் திரவ அழுத்தத்தால் இயங்கின.

இவ்வேறுபாட்டை நான் நூலில் கற்கவில்லை. பல நாள் பியட்டை ஓட்டிப் பழகிய பின், ஒரு மாலை ஆஸ்டினில் எண்ணூரிலிருந்து இராயபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். திருவொற்றியூரில் ஆலைச் சங்கு ஊதியது. தொழிலாளர்கள் சைக்கிள்களில் சாலையை நிறைத்தார்கள். நானோ பியட்டின் வேகத்திலேயே வளைவில் திரும்பினேன். வண்டி சாய்ந்தது. பிரேக்கை முழு வலுவோடு மிதித்தேன். ஒரு சைக்கிளின் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் இப்பால் கார் நின்றது. சைக்கிளில் இருந்தவர் என்னை ஏசவில்லை. “வீட்டுல புள்ளைங்க இருக்குது, தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தவறு வண்டியினுடையது அன்று, என்னுடையதே. வேகம் இரு மடங்கானால் ஓடும் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அவ்விதி சாலையில் எவருக்காக எழுதப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். எந்தக் கார் சிறந்தது என்று இன்று என்னை எவரேனும் கேட்டால், பியட் என்றே சொல்வேன். ஆனால் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தது ஆஸ்டின்.