வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, ஓட்டுகிறவருக்கு?

 

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து நம் பிள்ளைகள் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் பைக்கில் வருகிறார்கள். "இன்சூரன்ஸ் இருக்குங்க" என்பார்கள். காகிதத்தை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் இருக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது அது. நாம் இடித்தவருக்குத்தான் அதில் பணம். ஓட்டிய நம் பிள்ளைக்கு இல்லை. அவருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும். அதுவும் வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால்தான். அத்தா பெயரிலுள்ள வண்டி என்றால் கிடைக்காது.

வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதினருக்குப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 20 ரூபாய்; விபத்தில் மவுத்தானால் 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும்.

ஒன்று, சொல்லவே சங்கடமானது. மையித்தை அறுக்க வேண்டாமென்று போலீசுக்குச் சொல்லாமல் அடக்கிவிடுகிறோம். பிறகு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எதுவும் அந்த விதவையின் கையில் இருக்காது. வங்கி அதைத்தான் கேட்கும்.

வட்டி கலந்த பாலிசிகளைப் பற்றி உலமாக்களிடம் கேளுங்கள், அது தனிப் பேச்சு. நாமினி பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியது அப்படியே கிடக்கும்.