வெள்ளிக்கிழமை கெசட்டும் எங்கள் பிள்ளைகளும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் யுவதிகள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதவுக்கு வெளியே நின்று கேட்கும் தம்பி தங்கைகளே, உள்ளே இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

கிடைத்த ஒரு லீவு நாளில் விறகுக்கும் போகாமல், உடுப்புத் துவைக்கவும் போகாமல் வந்திருக்கிறீர்கள். சங்கம் கூப்பிட்டால் சம்பளக் கதைதான் இருக்கும் என்று நினைத்து வந்தவர்களும் இருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. ஆனால் சம்பளத்தில் இருந்தே தொடங்குகிறோம்.

2021 மார்ச் மாதம் நாட்சம்பளம் 1000 ரூபா என்பது வர்த்தமானியில் வந்தது. அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். பிரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் "கெசட் வந்துடுச்சா, கெசட் வந்துடுச்சா" என்ற ஒரே கேள்விதான். கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் பாட்டிமாருக்கும் கெசட் என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்திருந்தது. அது அதிவிசேஷ வர்த்தமானி. அதே வர்த்தமானி சாதாரண இதழாக வெள்ளிக்கிழமை தோறும் தமிழிலும் வருகிறது. அதன் முதலாம் பகுதியில் இரண்டாம் தொகுதி 'அ' என்று ஒன்று உண்டு. அரசாங்க வேலை வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் அதில்தான் வரும். இந்தக் கெசட் வந்துவிட்டதா என்று எந்த லயத்திலும் யாரும் கேட்டு நாங்கள் கண்டதில்லை.

கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், ஆசிரியர், தபால் சேவை என்று எத்தனையோ ஆட்சேர்ப்புகள் வந்து போகின்றன. எங்கள் பிள்ளைகள் உயர்தரம் சித்தியடைந்துவிட்டு கொழும்பில் புடைவைக் கடையில் நிற்கிறார்கள். விண்ணப்ப முடிவுத் திகதி போன பிறகு, "டீச்சர், அதுக்கு நாங்களும் போட்டிருக்கலாமாம்" என்று வந்து சொல்கிறார்கள்.

இது ஏன் சங்கத்தின் வேலை என்று சில தலைவர்மார் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிரதேச செயலகத்துக்குப் போய் தமிழில் ஒரு விஷயம் சொல்லி, தமிழில் பதில் வாங்கிக்கொண்டு வர முடியாமல் எத்தனை தடவை திரும்பியிருக்கிறோம்? அரை நாள் பேர் போய், பஸ் காசும் போய், "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு வந்திருக்கிறோம். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் பிள்ளை ஒன்று உட்கார்ந்தால் எத்தனை பேருடைய அரை நாள் பேர் மிச்சமாகும் என்று கணக்குப் பாருங்கள்.

சரி, பொது அறிவுக்கு வருவோம். கடந்த மூன்று வருடமாக வகுப்பு நடத்தியதில் நாங்கள் கண்ட முதல் கோளாறு புத்தகம். டவுனில் தமிழில் கிடைக்கும் பொது அறிவுப் புத்தகங்களில் கணிசமானவை தமிழ்நாட்டுத் தேர்வுகளுக்கு எழுதப்பட்டவை. போனில் பார்க்கும் வீடியோக்களும் அப்படித்தான். அவை நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மாவட்ட ஆட்சியர், இங்கே மாவட்டச் செயலாளர். அங்கே வட்டாட்சியர், இங்கே பிரதேச செயலாளர். அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி. எங்கள் வகுப்புக்கு முதல் நாள் வந்த ஒரு தம்பி இந்திய மக்களவையில் 543 தொகுதி என்று பட்டென்று சொன்னான். எங்கள் பாராளுமன்றத்தில் எத்தனை பேர் என்று கேட்டோம். முழித்தான். 225 பேர். அதில் 196 பேர் மாவட்ட ரீதியாகத் தெரிவாகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். இதைச் சொல்லித் தர அவனுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. இந்தியக் கணக்கைப் பாடமாக்க அவன் செலவழித்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்னொரு கோளாறு பழைய புத்தகம். அண்ணன் படித்ததைத் தம்பி படிக்கிறான். அரசியலமைப்புக்கு 20 திருத்தம் என்று அதில் இருக்கும். 2022இல் 21ஆவது திருத்தம் வந்துவிட்டது. மலை உயரமும் ஆற்றின் நீளமும் மாறாது. பிதுருதலாகல 2524 மீற்றர்தான், மகாவலி 335 கிலோமீற்றர்தான். அவற்றைப் பழைய புத்தகத்தில் படிக்கலாம். அமைச்சர், ஆளுநர், திருத்தம், வரவு செலவுத் திட்டம் இவற்றை மட்டும் பத்திரிகையில் பாருங்கள். ஒரு லயத்துக்கு ஒரு பத்திரிகை போதும். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து வாங்கி, படித்ததை வெட்டிக் கொப்பியில் ஒட்டட்டும்.

மூன்றாவது கோளாறை நாங்களே செய்தோம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் வருடம் ஒரு தம்பிக்கு மூன்று மாதம் பொது அறிவு மட்டும் படிப்பித்து அனுப்பினோம். மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தால் அவனுக்கு வந்தவை மொழித்திறனும் நுண்ணறிவும். பொது அறிவு வினாத்தாளே அந்தப் பதவிக்கு இல்லை. எந்தப் பதவிக்கு எந்த வினாத்தாள், எத்தனை புள்ளி, எத்தனை மணித்தியாலம் என்று அந்த அறிவித்தலிலேயே அச்சடித்திருந்தது. நாங்கள் கடைசிப் பக்கம் வரை வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு வகுப்பின் முதல் நாள் புத்தகம் திறப்பதில்லை. அறிவித்தலைத்தான் சத்தமாக வாசிக்க வைக்கிறோம்: வயது, கல்வித் தகைமை, வசிப்பிடம், வினாத்தாள், முடிவுத் திகதி.

பொது அறிவு எங்கேயோ கொழும்பில் இருக்கிற சாமான் என்ற பயம் எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போன ஒரு தங்கச்சியிடம், அந்தத் தண்ணீர் எந்தக் கங்கைக்குப் போகிறது என்று கேட்டோம். மகாவலி என்றாள். காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் களனி கங்கையின் கிளை ஆறுகளில் கட்டியவை. தலவாக்கலையில் இருக்கும் மேல் கொத்மலை அணைக்கட்டுத் தண்ணீர்தான் மகாவலிக்குப் போவது. மலைக்கு இந்தப் பக்கம் விழும் மழை கொழும்புக்கும், அந்தப் பக்கம் விழும் மழை திருகோணமலைக்கும் போகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் இருந்து மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் போகிறது. நாட்டின் ஆகவும் உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். கோப்பியை அழித்த நோய் வந்தது 1869இல். பரீட்சைக்கு வரக்கூடிய இத்தனையும் எங்கள் காலடியில் கிடக்கிறது.

வரலாற்றுக் கேள்விக்கு எங்கள் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைவிடப் பெரிய புத்தகம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இன்னொரு வரி இருக்கும். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று மற்றொரு வரி. பிள்ளைகள் இந்த எண்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு தடவை வகுப்புக்கு ஒரு பாட்டியைக் கூட்டிவந்து உட்கார வைத்தோம். தன்னுடைய லயத்தில் எந்தக் காம்பராக்காரர் கப்பலுக்குப் போனார், எந்தக் காம்பராவில் அக்கா போக தங்கச்சி நின்றாள், தலைமன்னார் வரை யார் போய் வழியனுப்பினார்கள் என்று காம்பரா காம்பராவாகச் சொன்னார். அழுதும் விட்டார். அன்றைக்கு அங்கே இருந்த எந்தப் பிள்ளையும் அதற்குப் பிறகு 1964ஐ மறக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள்.

நுண்ணறிவுக்கு அம்மாமாரைப் பிடியுங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மடுவத்தில் தராசு முன்னால் 25 கிலோவில் 2 கிலோ கழித்தால், அது நூற்றுக்கு எட்டு என்று தெரியாமலா அம்மாமார் கங்காணியோடு சண்டை பிடிக்கிறார்கள்? வீதக் கணக்கு என்பது அதுதான். 3, 6, 11, 18, 27, அடுத்தது என்ன என்று கேட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. கூடுவதைப் பாருங்கள்: 3, 5, 7, 9. அடுத்தது 11 கூட வேண்டும், விடை 38. ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு, மணிக்கூடு பார்த்துச் செய்தால் போதும். தெரியாததால் புள்ளி போவதைவிட நேரம் போதாமல் போவதுதான் அதிகம்.

பரீட்சை சிங்களத்தில்தான் இருக்கும் என்று சொல்லி விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அரசாங்க சேவைக்கு ஆட்களைச் சேர்க்கும் பரீட்சைக்குத் தமிழில் தோற்ற உரிமை உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. வேலைக்குப் போன பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் சிங்களம் படிக்கச் சொல்வார்கள், அது வேறு விஷயம். படித்துக்கொள்வதில் நட்டமும் இல்லை. விண்ணப்பத்தில் மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று போடுங்கள். ஒரு தடவை போட்டால் பிறகு மாற்ற விடமாட்டார்கள் என்பதால் யோசித்துப் போடுங்கள்.

இனிச் சொல்வது தலைவர்மாருக்கு. போன வருடம் எங்கள் வகுப்பில் படித்த ஒரு தங்கச்சியின் கடிதம். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா இல்லை. விளக்கை முன்காம்பராவில் வைத்து இரவு பதினொரு மணி வரை படித்த பிள்ளை. எழுத்துப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து, நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து ஒரு லாச்சியில் கிடந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறோம். அங்கே ஒரே பெயரில் நாலு பேர், லயத்துக்கு இலக்கம் இல்லை. நேர்முகத் திகதி முடிந்து நாலு நாளைக்குப் பிறகு பிரட்டில் அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து அழவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "அடுத்த கெசட் எப்ப டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். எங்களுக்குத்தான் பேச்சு வரவில்லை. பிறகு மேன்முறையீடு எழுதிப் பார்த்தோம், நடக்கவில்லை.

கடிதம் வீட்டுக்கு வருவது ஒரு உரிமை. சம்பளத்துக்கும் கழிவுக்கும் கதைக்கிற அதே மேசையில் இதையும் கதைக்க வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் பூட்டுப் போட்ட தபால் பெட்டி ஒன்று, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு இலக்கம், வந்த கடிதங்களின் பெயர்ப் பட்டியலை அன்றே அலுவலகச் சுவரில் ஒட்டுவது. இந்த மூன்றையும் கமிட்டிகள் எழுத்தில் கேட்க வேண்டும். அது வரைக்கும், விண்ணப்பத்தில் போன் இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தை வாரம் ஒரு தடவை பாருங்கள். முடிந்தால் டவுனில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "பரீட்சை எல்லாம் சும்மா, ஆளைப் பிடித்தால்தான் வேலை" என்று சொல்லிக்கொண்டு லயத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாமா முப்பத்தைந்து வருடம் கவ்வாத்து வெட்டிச் சேர்ந்த சேமலாப நிதிப் பணத்தை மகனின் வேலைக்கென்று அப்படி ஒருவரின் கையில் கொடுத்தார். வேலையும் இல்லை, ஆளும் இல்லை, துண்டுச் சீட்டும் இல்லை. அந்தப் பணத்தில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, கம்பனியின் பங்கு 12. கம்பனி மட்டும் போடும் நம்பிக்கை நிதி 3. இதுவும் பொது அறிவில் வரும் கேள்விதான். யாராவது காசு கேட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அவர் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் சொல்லுங்கள்.

வகுப்பு வருகிற ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு இதே இடத்தில். பெண்பிள்ளைகளை அனுப்பும் அம்மாமார், அன்றைக்கு மட்டும் தண்ணீர் தூக்குவதையும் தம்பியைப் பார்ப்பதையும் வேறு யாரிடமாவது கொடுங்கள். இருட்டுவதற்கு முன் விட்டுவிடுவோம், தலைவி ஒருவர் கூடவே வருவார். முதல் நாள் கொப்பி, பேனையோடு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் ராமசாமி, மற்றதில் இராமசாமி என்று இருந்தால் திருத்தி எடுக்க மாதக்கணக்கில் போகும். அந்த வேலையை இப்போதே தொடங்கினால்தான் அடுத்த அறிவித்தலுக்குக் கைகூடும். கடிதம் தவறிய அந்தத் தங்கச்சியும் வருவாள், நுண்ணறிவுக் கணக்கு இந்தத் தடவை அவள்தான் படிப்பிக்கப் போகிறாள்.