சுருட்டை முடியைக் கொடுத்தது யார்?



எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "மனிதரைச் செதுக்குவது சூழல் இல்லை, பரம்பரைதான், என் தலையைப் பாருங்க, இது எங்க பாட்டி முடி"ன்னாங்க. பாட்டி முடின்னதும் சவுரியோன்னு பயந்துட்டேன்! (சிரிப்பு) சரி, பாட்டிதான் கொடுத்தாங்க. அந்தப் பாட்டியின் பாட்டிக்குக் கொடுத்தது யார்? தபால்காரர் கொண்டு வந்து கொடுத்தார் என்பதற்காக, கடிதத்தை எழுதினதும் அவர்தான்னு சொல்ல முடியுமா? பரம்பரை தபால்காரர், நடுவர் அவர்களே. எழுதினது சூழல்! (கைதட்டல்)

எனக்கு வானூர். கடலோரமா வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். எங்க அத்தை வாக்கப்பட்டது அங்கே. சித்திரை வெயில்ல பாத்தியில நின்னு உப்பு வாருவாங்க. மேலே சூரியன் அடிக்கும். கீழே வெள்ளை உப்பு அதே வெயிலைத் திருப்பி முகத்துல அடிக்கும். அத்தை தலைத்துண்டை இறுக்கிக் கட்ட மாட்டாங்க. "ஒட்டிக் கட்டினா மண்டை வெந்துடும்டா, உள்ளே காத்து நிக்கணும்"பாங்க. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்க.

டினா லசிசி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2023இல் வெளியிட்ட முடிவு ஏறத்தாழ இதுதான். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில், மனித உடல் போலச் சூடேற்றிய ஒரு பொம்மையை வைத்தார்கள். நிஜ மனித முடியில் செய்த மூணு டோப்பா. ஒண்ணு கோரை முடி, ஒண்ணு கொஞ்சம் சுருண்டது, ஒண்ணு இறுக்கமான சுருட்டை. ஒவ்வொண்ணா மாட்டி, காற்று வீசும் அறையில், உச்சந்தலைக்கு விளக்கு வெயிலைக் காட்டினார்கள். வெறும் மண்டையில்தான் வெயில் அதிகம் ஏறியது. நடுவர் கோபிக்கக் கூடாது! (சிரிப்பு) எந்த முடியானாலும் வெயிலைத் தடுத்தது. எல்லாவற்றிலும் நன்றாகத் தடுத்தது இறுக்கமான சுருட்டை.

தகரக் கொட்டகைக்கும் கீத்துக் கொட்டகைக்கும் உள்ள வித்தியாசம்தான். கோரை முடி மண்டையோடு படிஞ்சு கிடக்கும். சுருட்டை எழும்பி நிற்கும், நடுவில் காற்று நிற்கும். வெயில் கூரையோடு சரி.

இது ஏன் தேவைப்பட்டது? ஆப்பிரிக்காவில் நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தார்கள். நடுப்பகல் வெயில் நேரே உச்சியில் விழுந்தது. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து மூளையும் பெருத்துக்கொண்டே வந்தது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே தின்கிறது. அந்தச் சூட்டை வியர்த்துத்தான் தணிக்கணும். வியர்த்தால் தண்ணியும் போகும், உப்பும் போகும். எங்க ஊர்லயாவது உப்பை வாரி எடுக்கலாம், ஆப்பிரிக்கப் புல்வெளியில எங்கே போறது? (சிரிப்பு, கைதட்டல்) சுருட்டை முடி அந்த வியர்வைச் செலவைக் குறைத்திருக்கும் என்கிறார்கள்.

"அப்ப கோரை முடி எப்படி வந்தது?"ன்னு எதிரணி கேட்கும். அதிலே ஒரு வேடிக்கை இருக்கு. கிழக்காசிய மக்களின் தடித்த நேர் முடிக்கு 'இடார்' என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம் காரணம். சுமார் 30,000 ஆண்டுக்கு முன் சீனப் பகுதியில் தோன்றியிருக்கலாம் என்று 2013இல் கணக்கிட்டார்கள். அதையே எலிக்குள் புகுத்தினார்கள். எலிக்கு முடி தடித்தது. கூடவே வியர்வைச் சுரப்பியும் கூடியது! இயற்கை எதைக் கேட்டு வாங்கியது, எது இலவசமா வந்தது என்று பிரிக்க முடியவில்லை. ஐரோப்பியரின் நேர் முடிக்குப் பின்னால் இருப்பது வேறு மரபணு. பார்க்க ஒண்ணு, வந்த வழி வேறே.

அதனால் முடியைப் பார்த்து வம்சம் சொல்லாதீங்க. அந்தமான் பழங்குடியினரின் இறுக்கமான சுருட்டையைப் பார்த்து, ஆப்பிரிக்காவிலிருந்து அண்மையில் வந்தவர்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் தங்கராஜ் குழுவினர் தாய்வழி மரபணுவைப் பார்த்து 2005இல் எழுதினார்கள்: ஆசியக் கிளைதான், பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து இருந்த கிளை.

ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? அத்தை பேத்திக்கு அத்தை மாதிரியே சுருட்டை. வந்த அம்மா, "பொண்ணு லட்சணம்தான், முடிதான் எந்த வம்சமோ! பார்லருக்குக் கூட்டிப்போய் நேராக்கிடுங்க"ன்னாங்க. பிள்ளை வாய் பேசலை. மறுவாரம் தானே போய் மருந்து தடவிக்கிட்டு, உச்சி வெந்து வந்து நின்னுது. ரெண்டு மாசத்தில் வேரில் மறுபடி சுருட்டை! முடி முளைக்கிற குழி தோலுக்கு அடியில் வளைஞ்சிருக்கு. மேலே தேய்க்கிற மருந்து அதை என்ன செய்யும்? முறுக்கு அச்சை மாத்தாம முறுக்கை நிமிர்த்தின கதை.

அந்த அம்மா திரும்ப வந்து, "இன்னொரு தடவை நேராக்குங்க"ன்னாங்க. அத்தை எழுந்தாங்க. "உப்பளத்து வெயிலையே தாங்கின முடி, உங்க வீட்டுக் கூடத்துல தாங்காதோ?"ன்னு கேட்டாங்க. (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. அதுக்கப்புறம் அத்தை சொன்னதை டி.வி.யில சொல்ல முடியாது. (சிரிப்பு)